ஐந்து மணிக்குச் சத்தியத் தண்ணீர்!

வாருங்கள், வாசகர்களே! ஓர் அநியாயம் நடக்கப் போகிறது. வந்து சாட்சியாக நில்லுங்கள்!

நாள், 1973-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்து வெள்ளிக்கிழமை.

ஊர், விருத்தாசலம்.

இடம், ஜாடித் தொழிற்சாலையின் புகைபோக்கிக்குக் கீழே ஒடுங்கிக் கிடக்கும் சூளைக்காரத் தெருவில், கடைசி வீட்டுக் கொல்லைப்புறம்.

காலை மணி ஆறரை.

ஆறு கோழிகள் செத்துக் கிடக்கின்றன!

கழுத்தில் கீரியின் பல் பதியவில்லை. சிறகில் ஒரு சொட்டு இரத்தம் இல்லை. விடியலில் கூட்டைவிட்டு இறங்கி ஆசையாய் இரை தின்றவை... தின்ற ஒரு மணி நேரத்துக்குள் ஈரத் துணியைப்போல் துவண்டு விழுந்தவை!

"ஆறு கோழிகளுக்காகவா எங்களை அழைத்தாய்?" என்று கேட்கிறீர்களா?

பொறுங்கள்! இந்தக் கோழிகளின் பெயரால் இன்று மாலை ஐந்து மணிக்கு ஓர் உயிரைப் பறிக்கப் போகிறார்கள். அந்த உயிருக்கும் கால் இரண்டுதான். ஆனால் பறந்து தப்பச் சிறகு இல்லை!

"ஐயோ...! எங்கூட்டு லட்சுமியெல்லாம் போச்சே...!"

அலறியவள் தங்கம்மாள். சூளை மேஸ்திரி அர்ச்சுனனின் மனைவி. தொழிற்சாலையின் பவுடர் ரூமில் பொடி சலிக்கும் வேலை அவளுக்கு. ஜாடிகளுக்குப் பளபளப்பு ஏற்றும் கிளேஸ் கலவைக்கு எத்தனையோ வெள்ளைப் பொடிகள். அத்தனையும் அவள் சல்லடை வழியாகத்தான் போகும்.

அலறல் கேட்டுத் தெரு திரண்டது.

"திங்கக்கெழம ஒண்ணு செத்துது. புதங்கெழம ரெண்டு. இன்னிக்கு ஆறு! மொத்தம் ஒம்போது உசுருய்யா!"

தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினான் அர்ச்சுனன். முள்வேலிக்கு அப்பால் விரல் நீட்டினான்.

"எல்லாம் தோ நிக்கிறாளே, இவ வேலதான்!"

வேலிக்கு அப்பால் நின்றவள் வீராயி. முப்பத்திரண்டு வயது. கணவனை இழந்தவள். அதே தொழிற்சாலையில் களிமண் சுமப்பவள்.

"உங்கோழிய நான் ஏன்யா கொல்லணும்?"

"வயித்தெரிச்சல்டி! உம்புருசன் செத்தான்னு எங்குடும்பத்துக்குச் செய்வினை வச்சிருக்குற!"

"செத்தானா? நீ கொன்ன! ஆறாத சூளைக்குள்ள எறக்கி நீ கொன்ன! அதுக்கு ஒம்போது கோழி ஈடாவுமாய்யா?"

வீராயி கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"கோழி செத்ததுக்கு இம்மாம் பேரு வந்திருக்கீங்களே... எம்புருசன் கருகிக் கெடந்த அன்னிக்கு இதுல ஒருத்தராவது வாயத் தொறந்தீங்களா?"

தெரு தலை குனிந்தது. ஒரே ஒரு விநாடி!

வீராயி சொன்னதில் பொய் இல்லை. சூளையை அணைத்தபின் மூன்று நாள் ஆறவிட வேண்டும். அப்புறம்தான் வாசல் செங்கல்லைப் பிரிக்க வேண்டும். ஐந்து மாதங்களுக்கு முன் அவசரச் சரக்கு என்று முதல் நாளே பிரிக்கச் சொன்னான் அர்ச்சுனன். ஜாடிகளை எடுக்க உள்ளே இறக்கப்பட்டவன் வீராயியின் கணவன் நல்லமுத்து.

இறங்கினான்... ஏறவில்லை!

'குடிபோதையில் தானாக நுழைந்தான்' என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். கண்ணால் கண்டவள், கஞ்சித் தூக்கோடு அந்த நேரத்தில் வந்து நின்ற வீராயி ஒருத்திதான். அவள் விடவில்லை. மனுமேல் மனு எழுதினாள். வரும் திங்கட்கிழமை கடலூரில் மறு விசாரணை. அங்கே அவள் வாய் திறந்தால் அர்ச்சுனனுக்குச் சிறை!

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான் கலியமூர்த்தி. குறி சொல்கிறவன். நெற்றி நிறையத் திருநீறு. வாய் நிறைய வெற்றிலை.

"இன்னாத்துக்கு வாய்ச்சண்ட? சாயந்திரம் அஞ்சு மணிக்கு எல்லையம்மன் வாசல்ல சத்தியத் தண்ணி வச்சிடுவோம்!"

"அதான் சரி!" என்று ஆர்ப்பரித்தது கூட்டம்.

சத்தியத் தண்ணீர்! அந்தத் தெருவின் வழக்கம் அது. யார் வீட்டில் நட்டமோ, அந்த வீட்டுச் சாமி மாடத்திலிருந்து திருநீறு வர வேண்டும். அதைச் சொம்புத் தண்ணீரில் கரைப்பார்கள். பழிக்கு ஆளானவர் குடிக்க வேண்டும். பொழுது சாய்வதற்குள் வாந்தி எடுத்தாலோ, விழுந்தாலோ குற்றவாளி!

குடிக்க மறுத்தால்?

அப்போதும் குற்றவாளிதான்! தலையை மழித்து ஊரைவிட்டே துரத்துவார்கள்.

நீதிமன்றத்துக்கு மூன்று ஆண்டு வேண்டும். இவர்களுக்கு ஒன்றரை மணி நேரம் போதும். எவ்வளவு மலிவான நீதி, பார்த்தீர்களா?

"இருங்க... அவசரப்படாதீங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள் தங்கம்மாள்.

"மொதல்ல மாட்டு டாக்டருகிட்ட ஒரு கோழியக் காட்டிட்டு வரேன். நோயா இருந்தா, அவ மேல பழி போட்ட பாவம் நமக்கு வேணாம் பாருங்க."

"தங்கம்மா கொணம் யாருக்கு வரும்!" என்று உருகினாள் ஒருத்தி.

உங்களுக்கும் அப்படித்தானே தோன்றுகிறது?

* * *

கால்நடை மருந்தகம். மணி ஒன்பது.

டாக்டர் ஜெயராஜ், செத்த கோழியைக் கீறித் திறந்தார். ஈரலைப் புரட்டினார். குடலை விரித்தார். இரைப்பையை அறுத்துத் தட்டில் வைத்தார்.

"வெள்ளைக் கழிச்சல்னா இந்த எடத்துல ரத்தப் புள்ளி இருக்கணும். ஒண்ணும் இல்ல. ஈரலும் நல்லாருக்குது. இவ்ளோ ஆரோக்கியமா செத்த கோழிய நான் பாத்ததே இல்லம்மா!"

"அப்போ நோய் இல்லீங்களா சார்?"

"எனக்குத் தெரிஞ்ச நோய் எதுவும் இல்ல."

"அத ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க சார். சீல் போட்டு."

"கோழிக்கு எதுக்கும்மா சர்ட்டிபிகேட்டு? பென்சன் வாங்கப் போவுதா?"

"தெருவே பயந்துகெடக்குது சார். காட்டினா மனசு ஆறும்."

எழுதினார்! 'அறியப்பட்ட நோய் எதற்கும் அறிகுறி இல்லை.' கையெழுத்து. முத்திரை.

படித்த கை எழுதிய அந்த ஒற்றை வரி, ஓர் ஏழைப் பெண்ணின் கழுத்துக்குச் சுருக்காக மாறப் போகிறது என்பதை அவர் அறியார்!

"மத்த கோழிங்க எப்பிடிச் செத்துது?" கையைக் கழுவியபடி கேட்டார்.

"திங்கக்கெழம செத்தது காலைலயே சோந்து ஒக்காந்துது. உசுரு போவ ராத்திரி ஆச்சு. புதங்கெழம ரெண்டு, மத்தியானத்துக்குள்ள. இன்னிக்கு ஒரு மணி நேரங்கூடத் தாங்கல சார்."

ஜெயராஜின் புருவம் சுருங்கியது. மேலே கேட்க வாயெடுத்தார்...

"டாக்டரய்யா! ஆலடியில பசு கன்னு போட முடியாம கெடந்து துடிக்குதுங்க!"

வாசலில் ஒருவன் மூச்சிரைக்க நின்றான். அறுத்த இரைப்பையைத் தட்டிலேயே விட்டுவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார் ஜெயராஜ்.

தங்கம்மாள் சீட்டை நாலாக மடித்தாள். இடுப்பில் செருகினாள். நடந்தாள்.

* * *

ஜெயராஜ் திரும்பியபோது மணி நாலே கால். பசு பிழைத்துவிட்டது. அவர்தான் சோர்ந்திருந்தார்.

தட்டைப் பார்த்தார். சோர்வு பறந்தது!

இரைப்பையிலிருந்த நொய்யரிசி காய்ந்திருந்தது. ஒவ்வொரு குருணைமேலும் மெல்லிய வெள்ளைப் பூச்சு.

'சுண்ணாம்பா...?'

ஒரு துளி அமிலம் விட்டார். நுரைத்தது. சுண்ணாம்பானாலும் நுரைக்கும்.

கம்பி நுனியில் கொஞ்சம் தொட்டு ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். சுண்ணாம்பு என்றால் சுடர் செங்கல் நிறமாக வேண்டும்.

ஆகவில்லை.

பச்சை! பசும்பச்சை!

"சார்... இன்னா, இப்பவே மத்தாப்பு கொளுத்துறீங்க? தீபாவளிக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்குதே!"

வாசலில் நின்றவர் ஏட்டு சுப்புராயன். வீட்டு ஆட்டுக்குக் கழிச்சல் மருந்து வாங்க வந்தவர்.

"ஏட்டய்யா, இது பேரியம். எலிக்கு வைக்கிற விஷம். ஆளையும் கொல்லும். ருசி கெடையாது, வாசன கெடையாது. இந்த ஊருல இது எங்க இருக்கும்?"

"ஜாடி பேக்டரி பவுடர் ரூமுல மண்ட ஓடு போட்ட மூட்ட ஒண்ணு பாத்திருக்கேன். கிளேஸுக்குப் போடுறதாம். ஏன் சார்?"

"திங்கக்கெழம ஒரு கோழி. சாவ ராத்திரி வரைக்கும் ஆச்சு. புதங்கெழம ரெண்டு. மத்தியானத்துக்குள்ள போச்சு. இன்னிக்கு ஆறு. ஒரே மணி நேரம்! நோய்னா பரவும். இப்பிடி நேரத்தச் சுருக்கிகிட்டே வராது. யாரோ கொஞ்சங் கொஞ்சமா கூட்டி, அளவு பாத்திருக்காங்க!"

"கோழியக் கொல்லவா இம்மாம் மெனக்கெடுவாங்க?"

"கோழிக்காக இல்ல ஏட்டய்யா. இது ஒத்திகை!"

"ஒத்திகைன்னா... நாடகம் எப்ப சார்?"

"அதான் தெரியல."

சுப்புராயன் மோவாயைச் சொறிந்தார்.

"நீங்க ஒண்ணு சார். ஒங்க சீட்டுதான் இப்ப தெருவுல நாடகம். கோவில் மைக்குல கலியமூர்த்தி படிச்சிகிட்டு இருக்கான். 'கவர்மெண்டு டாக்டரே நோய் இல்லன்னுட்டாரு... அப்போ செய்வினைதான்!'னு. அஞ்சு மணிக்கு வீராயிக்குச் சத்தியத் தண்ணி. நானே ஆட்டு மருந்த வாங்கிகிட்டு வேடிக்க பாக்கப் போலாம்னுதான்..."

"சத்தியத் தண்ணின்னா?"

"சொம்புத் தண்ணில திருநீறு கரைச்சி..."

ஏட்டின் வாய் பாதியில் நின்றது.

இருவரும் தட்டைப் பார்த்தார்கள். வெள்ளைப் பொடி!

"திருநீறு யாரு வூட்டுலேர்ந்து வரும்?"

"கோழி செத்த வூட்டுலேர்ந்து. அர்ச்சுனன் வூடு. ஐயையோ சார்...! திங்கக்கெழம அவ கடலூர்ல சாட்சி சொன்னா, அவன் உள்ள போவணும்!"

ஜெயராஜ் அலமாரியைத் திறந்தார். மாட்டுக்குப் பேதிக்குக் கொடுக்கும் உப்பு. ஒரே ஒரு டின். மருந்து புகட்டும் மூங்கில் குழாய் ஒன்று.

"இந்த உப்பு உள்ள போனா விஷம் கரையாத கல்லாயிடும். எடுங்க சைக்கிள!"

மிதித்தார்கள்! பறந்தார்கள்!

ரயில்வே கேட் மூடியிருந்தது.

எதிரே சரக்கு வண்டி. நெய்வேலிக் கரி ஏற்றிய வண்டி. அவசரமே இல்லாமல் ஊர்ந்தது.

"எத்தினி பெட்டிய்யா இன்னும்?" என்று அலறினார் ஏட்டு.

"முப்பது பெட்டி இருக்கும் ஏட்டய்யா. இன்னா அவசரம்? கோவில்ல இன்னும் ஆரம்பிச்சிருக்க மாட்டாங்க!" என்றான் கேட் காவலன்.

மணி நான்கு ஐம்பத்தெட்டு...

* * *

ஆரம்பித்துவிட்டார்கள்!

எல்லையம்மன் வாசலில் இருநூறு பேர். நடுவில் வீராயி. இரண்டு கைகளையும் இரண்டு பேர் பிடித்திருந்தார்கள்.

"அன்பார்ந்த பெரியோர்களே! தாய்மார்களே!" கலியமூர்த்தி மைக்கைக் கடித்துத் தின்றுவிடுவான்போல் பேசினான். "தோ பாருங்க, கவர்மெண்டு சீலு! நோய் இல்லன்னு எழுதியிருக்குது. நோய் இல்லாம கோழி ஏன் சாவுது? நான் கேக்கல... சாமி கேக்குது!"

"சாமிக்குக் கேக்கணும்னா மைக்கு எதுக்குய்யா?" என்றாள் வீராயி.

"திமிரப் பாத்தீங்களா! சாமி வாசல்ல பேசுற பேச்சாடீ இது?"

பளார்! யாரோ ஒருவன் கை. யார் என்று பின்னால் எவரும் சொல்லப் போவதில்லை.

உதட்டில் இரத்தம் கசிய நிமிர்ந்தாள் வீராயி.

"குடிக்கலன்னா தல மொட்டை... ஊரவிட்டுத் தொரத்துறது... அதான? மொட்டையடிச்சித் தொரத்துன பொம்பள பேச்சக் கடலூர்ல எந்த ஆபீசரு நம்புவான்? அதுக்குத்தான இந்தக் கூத்து? குடுங்கய்யா! எங்கிட்ட பொய் இல்ல. எனக்கு இன்னா பயம்?"

பாருங்கள் கொடுமையை! கொல்பவர்களின் நம்பிக்கையும், கொல்லப்படுபவளின் நம்பிக்கையும் ஒன்றாகவே இருக்கிறது. இல்லாவிட்டால் அந்தச் சொம்பை அவள் எட்டி உதைத்திருக்க மாட்டாளா?

தங்கம்மாள் வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்தாள். கலியமூர்த்தி பொடியைச் சொம்பில் கொட்டினான். கலக்கினான்.

அர்ச்சுனன் கண்ணை மூடிக் கும்பிட்டான். "தாயே! உண்மையக் காட்டு!"

வீராயி குடித்தாள். ஒரு மடக்கு. இரண்டு. பாதிச் சொம்பு...

"நிறுத்து...!"

கூட்டத்தைப் பிளந்துகொண்டு சைக்கிளோடு வந்து விழுந்தார் ஜெயராஜ். எழுந்தார். சொம்பைத் தட்டிப் பறித்துப் படியில் வைத்தார். டின்னைத் திறந்து பாதி உப்பைக் கோவில் வாளித் தண்ணீரில் கொட்டிக் கலக்கினார்.

"வாயத் தொறம்மா! மாட்டு மருந்துதான். பரவால்ல, குடி!"

மூங்கில் குழாய் வாயில் இறங்கியது. வீராயி திமிறினாள். குடித்தாள். குமட்டினாள். குனிந்து வாந்தி எடுத்தாள்!

"வாந்தி எடுத்துட்டா! குத்தவாளி!" கூட்டம் வெறி கொண்டு கூவியது.

"வாந்தி எடுத்தாதான்யா பொழைப்பா!"

"சாமி காரியத்துல மாட்டு மருந்தா?"

பாய்ந்து வந்தான் அர்ச்சுனன். ஓர் உதை! வாளி கவிழ்ந்தது. மீதி உப்போடு டின் பறந்து சாக்கடையில் விழுந்தது. வெள்ளையாய்க் கரைந்து ஓடியது.

ஜெயராஜ் அவன் சட்டையைப் பற்றினார்.

"அந்தச் சொம்புல இருக்குறது திருநீறு இல்ல. விஷம்! ஒம்போது கோழிய அளவு பாத்துக் கொன்னு, பத்தாவதா இந்தப் பொம்பளைக்கு வச்சிருக்குற விஷம்! ஒன் வேலதான அர்ச்சுனா?"



அர்ச்சுனன் சிரித்தான். வாய்விட்டுச் சிரித்தான்!

"எங்கப்பன் பாட்டன் காலத்துலேர்ந்து எங்கூட்டு மாடத்துல இருக்குற திருநீறு... விஷமா? இங்கிலீஸு படிச்சா இப்பிடித்தான் புத்தி போவும்!"

படியிலிருந்த சொம்பை எடுத்தான். அடியில் தங்கிய வெள்ளையைச் சுழற்றிக் கலக்கினான்.

"தோ பாருங்கய்யா!"

ஜெயராஜ் ஒரு விநாடி திகைத்தார். விஷம் வைத்தவன் விஷத்தைத் தானே குடிப்பானா? மிரட்டுகிறானா? நடிக்கிறானா?

அந்த ஒரு விநாடி போதுமாக இருந்தது.

மடக்... மடக்... மடக்...

"குடிக்காதீங்க மாமா...! ஐயோ, குடிக்காதீங்க...! அது திருநீறு இல்ல!"

இருநூறு தலைகளும் திரும்பின.

கத்தியவள்... தங்கம்மாள்!

காலிச் சொம்பு அர்ச்சுனன் கையிலிருந்து நழுவிப் படியில் உருண்டது.

"இன்னாடி சொன்ன?"

"பவுடர் ரூமு வெள்ள மாமா... மண்ட ஓடு போட்ட மூட்டயிலேர்ந்து எடுத்தது... ஒங்களுக்காகத்தான் மாமா..."

"எனக்காகவா?"

"அவ சாட்சி சொன்னா நீங்க போயிடுவீங்களே...!"

ஜெயராஜ் டின்னைத் தேடி ஓடினார். சாக்கடை நீரில் அது கவிழ்ந்து கிடந்தது. உள்ளே ஒரு சிட்டிகைகூட இல்லை. உதைத்தவன் காலில் இன்னும் அந்த ஈரம் காயவில்லை!

"தூக்குங்க! ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க!" என்று கதறினார்.

"தொடாத!" என்றான் கலியமூர்த்தி.

"இன்னாய்யா உளர்ற? ஆளு செத்துடுவான்!"

"சத்தியத் தண்ணி குடிச்சவன் பொழுது சாயுற வரைக்கும் அம்மன் வாசல விட்டு நகரக் கூடாது. அதான் வழக்கம்! அவன் குத்தமில்லாதவனா இருந்தா அம்மா காப்பாத்துவா."

"ஆமா, ஆமா! வழக்கம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்!" என்றது கூட்டம். வழி அடைத்து நின்றது.

எப்பேர்ப்பட்ட சமத்துவம்! வாழ்வில் ஒருநாளும் கடைப்பிடிக்காத சமநீதியை, ஒருவன் சாகும்போது கடைப்பிடித்தார்கள்!

ஏட்டு தடியைச் சுழற்றினார். இருநூறு பேருக்கு ஒரு தடி. வீராயியை மட்டும் ஒரு மாட்டுவண்டியில் ஏற்றி அனுப்ப முடிந்தது. அவள்தான் வாந்தி எடுத்துவிட்டாளே. அவள் கதை முடிந்தது என்று அவர்களே விலகி வழி விட்டார்கள்!

அர்ச்சுனனின் கால்கள் முதலில் துவண்டன. அப்புறம் கைகள். கண்மட்டும் விழித்திருந்தது. படியில் சாய்ந்து, தன்னைச் சுற்றி நின்ற தெருவைப் பார்த்தான். நகர்த்துங்கள் என்று சொல்ல அவன் நாக்கு எழவில்லை.

மேற்கே பொழுது சாய்ந்தது. கூட்டம் விலகியது. வண்டி வந்தது.

* * *

ஆஸ்பத்திரித் தாழ்வாரம். மணி ஆறு ஐம்பது.

பெஞ்சில் தங்கம்மாள். எதிரே நோட்டுப் புத்தகத்தோடு ஏட்டு சுப்புராயன். சுவரில் சாய்ந்து ஜெயராஜ்.

"ஒங்கோழிய நீயே ஏம்மா கொன்ன?"

"நட்டம் எங்கூட்டுல ஆனாத்தான எங்கூட்டுத் திருநீறு சொம்புல விழும்?"

"டாக்டர் சீட்டு எதுக்கு?"

"நடுவுல எவனாவது நோயின்னு சொல்லிட்டா, தண்ணி வைக்க மாட்டாங்களே."

ஜெயராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கொல்றதுக்கு ராத்திரியில சோத்துல கலந்திருக்கலாமே? எதுக்கு ஊரக் கூட்டுன?"

"சோத்துல கலந்தா கொலைம்பீங்க. கோவில்ல குடிச்சிட்டுச் செத்தா சாமி தீர்ப்பு. போலீஸு வருமா ஏட்டய்யா? நீங்களே வேடிக்க பாக்கத்தான வந்தீங்க?"

ஏட்டின் பேனா நின்றது. அந்த வரியை அவர் எழுதவில்லை.

"ஒம்புருசனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சா விட மாட்டாரு. அவரு சாமிக்குப் பயந்தவரு."

கேட்டீர்களா? ஆறாத சூளைக்குள் ஒரு மனிதனை இறக்கியபோது அஞ்சாதவன், சாமிக்கு அஞ்சினவனாம்!

"இப்ப மணி இன்னா ஏட்டய்யா?"

"ஏழாவப் போவுது."

தங்கம்மாள் கணக்குப் போடுவதுபோல் உத்தரத்தைப் பார்த்தாள்.

"அவரு குடிச்சது அடியில தங்குனது. கெட்டி. ஏழரையத் தாண்ட மாட்டாரு."

அவள் அளவு தவறவில்லை. ஏழு இருபதுக்கு நர்ஸம்மாள் வெளியே வந்து தலையை ஆட்டினாள்.

உள்ளே இன்னொரு கட்டிலில் வீராயி கண் திறந்தாள். முதலில் கேட்ட கேள்வி, "இன்னிக்கு இன்னா கெழம?"

"வெள்ளிக்கெழம."

"அப்போ திங்கக்கெழம போயிடலாம்" என்றாள்.

* * *

போனாள்! நெய்வேலி வழியாகக் கடலூருக்குப் போகும் பஸ்ஸில், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போனாள். கண்டதைச் சொன்னாள்.

தொழிற்சாலையின் வக்கீல் எழுந்து புன்னகை செய்தார்.

"குற்றம் சாட்டப்பட்டவர் இறந்துவிட்டார், ஐயா. இனி வழக்கு ஏது?"

"ஆள எறக்கச் சொல்லி அவனுக்கு உத்தரவு போட்டது யாருன்னு கேளுங்கய்யா!" என்றாள் வீராயி. "அவசரச் சரக்கு அர்ச்சுனன் வூட்டுச் சரக்கா?"

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். தேதி குறிப்பிடாமல் ஒத்திவைத்தார்.

சூளைக்காரத் தெருவிலும் விசாரணை நடந்தது.

"வீராயியப் புடிச்சிகிட்டு இருந்தது யாரு? அடிச்சது யாரு? அர்ச்சுனனத் தூக்க விடாம தடுத்தது யாரு?" என்று வீடு வீடாகக் கேட்டார் ஏட்டு.

"நாங்க அந்த நேரம் டீ குடிக்கப் போயிருந்தோம் ஏட்டய்யா."

"இருநூறு பேருமா?"

"ஆமாங்க."

"டீக்கடையில மொத்தமே பன்னெண்டு கிளாஸுதானய்யா இருக்குது!"

தெரு வாய் திறக்கவில்லை. நல்லமுத்து கருகிய அன்றும் திறக்காத வாய்!

கலியமூர்த்தி கையை விரித்தான். "நான் கலக்குனதோட சரி. குடுத்தது அந்தம்மா, குடிச்சது அவரு." அவனை எந்தச் சட்டத்தில் போடுவது என்று இன்னமும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அவனோ அடுத்த வெள்ளிக்கிழமையே மைக் பிடித்துவிட்டான்! "பாத்தீங்களா அம்மன் சக்திய? பொய்ப் பழி போட்டவனத் தேடிப் புடிச்சித் தூக்கிட்டா!" கூட்டம் அன்று முந்நூறு. வேறொரு தெருவிலிருந்து ஒரு மாமியார், மருமகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். வளையல் காணாமல் போயிற்றாம்.

வாசகர்களே! படித்துவிட்டுப் புத்தகத்தைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்குவதற்காக உங்களை நான் அழைக்கவில்லை. தங்கம்மாள் கொன்றாள், அவளுக்குச் சிறை. ஆனால் அவள் கையில் அந்த வசதியைக் கொடுத்தவர்கள் யார்? வேடிக்கை பார்த்த இருநூறு பேர்! அவர்களில் ஒருவராக நீங்கள் என்றுமே நின்றதில்லை என்று உங்களால் சத்தியம் செய்ய முடியுமா?

போங்கள்! அந்தக் கோவில் வாசலில் முதல் வரிசையில் போய் நில்லுங்கள். கையைக் கட்டிக்கொண்டு நிற்காதீர்கள்! அந்தப் பெண்ணின் கையைப் பிடித்திருப்பவனின் கையைப் பிடியுங்கள். சொம்பைப் பிடுங்குங்கள். கொட்டிவிடாதீர்கள்! கலக்கியவனிடமே நீட்டி, "முதல் மடக்கு ஐயாவுக்கு!" என்று பணிவோடு சொல்லுங்கள்.

ஒருவேளை அவன் குடித்துவிட்டால்...?

கவலை வேண்டாம். பொழுது சாயும்வரை அவனை வாசலைவிட்டு நகரவிடாதீர்கள். அதுதானே வழக்கம்!